கடலோரத்தில் கால் ஏக்கர்



இம்மாதம் உங்களை வெகுதூரம் அழைத்துச் செல்லப் போகிறேன். உலகப் படத்தை விரித்து, தென்கிழக்கு மூலையில் விரலை வையுங்கள். ஆஸ்திரேலியாவையும் தாண்டிச் சென்றால் இரு நீண்ட தீவுகள் தெரியும். அதுவே நியூசிலாந்து. வடதீவின் கழுத்துப் போன்ற ஒடுங்கிய பகுதியில், இருபுறமும் கடல் அணைத்து நிற்க அமைந்துள்ளது ஆக்லாந்து மாநகரம். ஒரு பக்கம் வைத்தெமத்தா துறைமுகம்; மறு பக்கம் மனுக்காவ் துறைமுகம். இவ்விரண்டிற்கும் நடுவே ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலைகள்! அஞ்ச வேண்டா. அவற்றின் மீது இன்று பசும்புல் போர்த்திருக்கிறது. இளையதான ரங்கிதோதோ மட்டும் சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் கடலிலிருந்து பொங்கி எழுந்து, இன்று தனித் தீவாக நிற்கிறது.

மீன் நிறைந்த இரு கடல்கள், எரிமலைச் சாம்பலால் வளமான மண், படகை இழுத்து ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குக் கடத்தக்கூடிய குறுகிய நிலம். இப்படிப்பட்ட இடத்தை விரும்பாதார் யார்? அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் இதற்கு வைத்த பெயரே அதனைச் சொல்லும். 'தாமாக்கி மக்காவ்ராவ்' என்பர். பலரால் விரும்பப்பட்ட தாமாக்கி என்பது பொருள்.

நகர மையத்திலிருந்து கிழக்கே கடலோரமாக ஒரு சாலை செல்கிறது. தாமாக்கி சாலை என்று பெயர். பேருந்திலும் போகலாம்; காற்று வாங்கியபடி நடந்தும் போகலாம். சுமார் 5 கிலோமீட்டர் சென்றால் ஓக்காஹு விரிகுடா வரும். இடப்புறம் நீலக் கடல். வலப்புறம் சாலையைவிடத் தாழ்ந்த ஒரு பசும்புல் வெளி. அதன் ஓரத்தில் ஒரு சிறு தேவாலயமும் ஒரு மையவாடியும் இருக்கின்றன. பின்னால் உயர்ந்து நிற்பது ஒரு குன்று. வாகனங்கள் விரைகின்றன, பிள்ளைகள் பந்தாடுகிறார்கள். பார்ப்பவர்க்கு இது மற்றுமொரு பூங்கா.

கொஞ்சம் நில்லுங்கள். அந்த மையவாடியின் பரப்பு கால் ஏக்கர். ஒரு காலத்தில் இந்நகரம் நிற்கும் மண்ணுக்கெல்லாம் உரியவர்களாயிருந்த ஒரு குலத்தாரிடம், 1951-ஆம் ஆண்டிற்குப் பின் எஞ்சியது அந்தக் கால் ஏக்கர் மட்டுமே. எப்படி என்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் உங்களை இவ்வளவு தூரம் அழைத்து வந்தேன்.

அக்குலத்தாரின் பெயர் ஙாத்தி ஃபாத்துவா. இவர்களில் ஆக்லாந்தில் வாழ்வோரை ஓராக்கே பிரிவினர் என்பர். ஙகரத்தை முதலெழுத்தாகக் கொண்ட சொல்லை நம் மொழியில் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாவோரி மொழியிலோ அது சர்வ சாதாரணம். ஆங்கிலேயரின் நாக்கு தடுமாறும் இந்தப் பெயரை நம்மவர் முதல் முறையிலேயே சரியாகச் சொல்லிவிடலாம்!

1840-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் வைத்தாங்கி என்னும் இடத்தில் பிரிட்டிஷ் அரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. அடுத்த மாதமே ஙாத்தி ஃபாத்துவாவின் தலைவர் ஆப்பிஹாய் தே காவாவ் அதில் ஒப்பமிட்டார். அத்துடன் நிற்கவில்லை. ஆளுநராக வந்திருந்த ஹாப்சனுக்குத் தூது அனுப்பி, "எங்கள் இடத்தில் வந்து தலைநகரை அமையுங்கள்" என்று அழைப்பும் விடுத்தார். வடக்கே இருந்த பகைவர்களிடமிருந்து பாதுகாப்புக் கிடைக்கும், வாணிபம் பெருகும் என்ற கணக்கு அவருக்கு இருந்தது. அது தவறான கணக்கு என்று அன்று யார் சொல்லியிருக்க முடியும்? ஹாப்சன் வந்தார். 1840 செப்டம்பர் 18-ஆம் நாள் கொடி ஏறிற்று. சுமார் 3,000 ஏக்கர் நிலம் நகருக்காக வழங்கப்பட்டது. ஈடாகக் கிடைத்தவை 50 பவுன் ரொக்கம், போர்வைகள், சட்டைகள், இரும்புப் பானைகள், புகையிலை, கோடரிகள்!

மாவோரி வழக்கில் நிலத்தைக் கொடுப்பது என்பது உறவை ஏற்படுத்திக் கொள்வதாகும். வந்தவர் இருந்து பயன்படுத்தலாம். கொடுத்தவரோடு உறவு தொடர வேண்டும். ஆங்கிலேயச் சட்டத்தில் அது வெறும் விற்பனை. பத்திரத்தில் மை உலர்ந்தவுடன் உறவும் உலர்ந்துவிடும். ஓராண்டு முடிவதற்குள் அந்த 3,000 ஏக்கரில் வெறும் 44 ஏக்கரை மட்டும் அரசு ஏலம் விட்டது. கிடைத்த தொகை 24,275 பவுன். விருந்தாளியை வரவேற்று வாசல் திண்ணையைக் கொடுத்தவர், அதே திண்ணை துண்டு துண்டாக ஏலம் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு நடந்ததை விரிவாகச் சொன்னால் பக்கம் போதாது. நிலம் பல வழிகளில் கைமாறிக் கைமாறி, கடைசியில் ஓராக்கேயில் 700 ஏக்கர் எஞ்சிற்று. இது விற்கப்படக் கூடாது என்று நில நீதிமன்றமே கூறியது. ஆனால் குலத்தின் பெயரில் பதியாமல் 13 பேரின் பெயரில் பதிந்தது. பொறுப்பாளர்களாக இருக்க வேண்டியவர்கள் சட்டத்தின் கண்ணில் உடைமையாளர்களாகிவிட்டார்கள். பொதுச் சொத்து தனியார் பெயருக்கு மாறினால் என்ன ஆகும் என்பதை நம் ஊர்களிலேயே பார்த்திருக்கிறோம் அல்லவா? 1898-இல் நிலம் தனித்தனிப் பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. பின்னர் ஒவ்வொரு பங்காக அரசு விலைக்கு வாங்கத் தொடங்கியது. குன்றின் மேல் 13 ஏக்கரை 1886-லேயே, ரஷ்யக் கப்பல்கள் வரக்கூடும் என்ற அச்சத்தில், கோட்டை கட்டவென்று எடுத்துக் கொண்டிருந்தனர். ரஷ்யர் வரவில்லை. பாதுகாப்புக்கு அந்த இடம் தேவையில்லை என்றானபோது, 1941-இல், உரியவர்களிடம் திருப்பித் தரவில்லை. ஆக்லாந்து மாநகராட்சிக்குப் பூங்காவாக அன்பளிப்புச் செய்தனர்!

இனி அந்தக் குழாயின் கதைக்கு வருவோம். ஒரு நகர நிர்வாகம் ஒரு மக்கள் கூட்டத்தை எவ்வாறு நோக்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ள, அது தன் கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று பார்த்தாலே போதும் என்பது என் எண்ணம்.

வளர்ந்துவந்த ஆக்லாந்துக்குக் கழிவுநீர் பெரும் தொல்லையாயிற்று. வடிகால் வாரியம் ஒன்று அமைந்தது. நகரத்தின் சாக்கடையை ஒரே பெரிய குழாயில் திரட்டிக் கடலில் விடுவதென்று முடிவாயிற்று. அது கடலில் சேர வேண்டிய இடம் எது? ஓக்காஹு! குலத்தாரின் கிராமத்திற்கு எதிரே, அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சிப்பியும் மட்டியும் பொறுக்கி உண்ட கடற்கரை. 1914-ஆம் ஆண்டு குழாய் திறக்கப்பட்டது. சுத்திகரிப்பு ஏதுமில்லை. நகரத்தின் மலமும் கழிவும் அப்படியே கடலில் கலந்தன. ஓராண்டு ஈராண்டு அல்ல. மாங்கெரேயில் சுத்திகரிப்பு நிலையம் 1960-இல் திறக்கப்படும் வரை, 46 ஆண்டுகள்!

மாவோரி மக்களுக்கு உணவு கிடைக்கும் நீரில் மனிதக் கழிவைக் கலப்பது நோயை மட்டும் தரும் செயலன்று, பெரும் அவமதிப்புமாகும். விருந்தினர்க்குத் தம் கடலின் உணவைப் படைப்பது அவர்களுக்குக் குலப்பெருமை. அந்தக் கடலையே வாயில் வைக்க முடியாதபடி செய்துவிட்டது நகரம்.

துன்பம் அத்துடன் முடியவில்லை. கடற்கரையின் குறுக்கே போடப்பட்ட குழாய் கிராமத்தைக் கடலிலிருந்து பிரித்து ஒரு மேடு போல நின்றது. பின்னர், 1930-களில், நாம் நடந்து வந்தோமே அந்த அழகிய தாமாக்கி சாலை, அதுவும் அவ்வழியே உயர்ந்தது. சாலை மேலே, கிராமம் கீழே. மழை பெய்தால் தண்ணீர் வடிய வழியில்லை. வீடுகளைச் சுற்றிச் சேறு, காய்ச்சல். இந்த நிலையை உண்டாக்கியவர்களே சில ஆண்டுகள் கழித்து வந்து பார்த்து, "இது சுகாதாரமற்ற குடியிருப்பு, கண்ணுக்கு அருவருப்பு" என்றார்கள்.

1951-ஆம் ஆண்டு எஞ்சியிருந்த 12½ ஏக்கரும் கட்டாயமாகக் கையகப்படுத்தப்பட்டது. மக்கள் வெளியேற்றப்பட்டனர். வீடுகளும், குலத்தார் கூடும் மன்றமும் இடித்து எரிக்கப்பட்டன. பிரிட்டிஷ் அரசியார் வரவிருந்தார், அவர் பவனி செல்லும் பாதையில் இக்குடிசைகள் தெரியலாகாது என்பதே காரணம் என்று இன்றும் குலத்தார் கூறுவர். குன்றின் சரிவில் அரசு கட்டிய வீடுகளில் அவர்கள் வாடகைக்குக் குடியேற்றப்பட்டனர். தாம் ஆண்ட மண்ணிலேயே வாடகைக் குடிகள்! இறந்தோர் மட்டும் கீழே இருந்த இடத்திலேயே இருந்தனர். அந்தக் கால் ஏக்கரை யாரும் எடுக்கவில்லை.

இப்போது சற்று மூச்சு வாங்கிக்கொண்டு குன்றின் மேல் ஏறுங்கள். மாவோரியில் இதற்குத் தக்காப்பராஃபாவ் என்று பெயர். ஆங்கிலத்தில் பாஸ்டியன் முனை. மேலே பூந்தோட்டமும் உயர்ந்த தூணும் காணப்படும். 1940-இல் மறைந்த பிரதமர் மைக்கேல் ஜோசஃப் சாவேஜின் கல்லறை அது. பயணிகள் அங்கு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ரங்கிதோதோ தீவும் துறைமுகமும் அவ்வளவு அழகாகத் தெரியும். ஆனால் அங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள திறந்த புல்வெளியையும் பாருங்கள். நான் சொல்ல வந்த நிகழ்ச்சி அங்கேதான் நடந்தது.

1976-இல் அரசு ஓர் அறிவிப்புச் செய்தது. குன்றின் மேல் எஞ்சிய 24 ஹெக்டேர் நிலத்தை மனைகளாக்கி, வசதி படைத்தோர்க்கு வீடுகள் கட்ட விற்கப் போவதாகத் திட்டம். பொதுப் பணிக்கென்று எடுத்த நிலம்! 1977 ஜனவரி 5-ஆம் நாள், ஜோ ஹாக் என்பவரின் தலைமையில் குலத்தாரில் ஒரு பகுதியினர் கூடாரங்களோடு குன்றேறி அமர்ந்துவிட்டனர். காற்றும் மழையும் கடுங்குளிருமான அவ்வெட்ட வெளியில் தோட்டம் போட்டுக் காய்கறி பயிரிட்டனர்; ஒரு கூடமும் எழுப்பினர். நகரத்துத் தொழிற்சங்கங்கள், "அந்நிலத்தில் எங்கள் ஆட்கள் ஒரு செங்கல்லும் எடுத்து வைக்கமாட்டார்கள்" என்று தடை போட்டன.

குலத்தார் அனைவரும் ஒரே கருத்தினராக இருந்தனர் என்று நான் எழுதினால் அது பொய்யாகும். முதியோர் பலர் இந்த வழியை விரும்பவில்லை. அரசு தந்த குறைந்த அளவிலான உடன்பாட்டை, 200,000 டாலர் கொடுத்துச் சில நிலத்தையும் வீடுகளையும் மீட்டுக்கொள்ள, அவர்கள் ஏற்றனர். ஒரே குடும்பத்துக்குள் தந்தையும் மகனும் முகம் பார்க்காத நாட்களும் இத்தகைய போராட்டங்களில் வருவதுண்டு. அதைவிடப் பெரிய துயரமும் நேர்ந்தது. முகாமில் ஏற்பட்ட தீயில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். அவளுக்கான நினைவிடம் அக்குன்றின் மேல் இருக்கிறது.

506-ஆம் நாள், 1978 மே 25. நூற்றுக்கணக்கான காவலர்கள் வந்தனர். இராணுவ வண்டிகளும் வந்தன. அமர்ந்திருந்தோர் எதிர்த்துக் கை ஓங்கவில்லை, பாடினர். 222 பேர் கைதாயினர். கூடமும் கூடாரங்களும் இடித்துத் தள்ளப்பட்டன. அன்று மாலை குன்று வெறிச்சோடிக் கிடந்தது. எல்லாம் முடிந்தது என்றே பலர் எண்ணினர்.

முடியவில்லை. 1975-இல் அமைக்கப்பட்ட வைத்தாங்கி நடுவர் மன்றத்திற்கு, 1840 முதல் நடந்த பழைய அநீதிகளையும் விசாரிக்கும் அதிகாரம் 1985-இல் வழங்கப்பட்டது. ஜோ ஹாக் வழக்குத் தொடுத்தார். 1987-இல் மன்றத்தின் அறிக்கை வெளியாயிற்று. நான் மேலே எழுதிய குழாய், சாலை, கட்டாய வெளியேற்றம் அனைத்தும் அதில் பதிவாயின. மறு ஆண்டு அரசு நிலத்தைத் திருப்பித் தர இசைந்தது. 1991-இல் ஓராக்கே சட்டம் நிறைவேறிற்று. கைதாகி இழுத்துச் செல்லப்பட்ட அதே ஜோ ஹாக், 1996-இல் நாடாளுமன்ற உறுப்பினராக அமர்ந்தார். 2022-இல் காலமானார்.

நிலம் திரும்பி வந்தபின் குலத்தார் செய்ததுதான் என்னை மிகவும் வியக்க வைத்தது. குன்றின் மேற்பகுதியும் ஓக்காஹு புல்வெளியும் சேர்ந்த பரப்பைச் சுற்றி அவர்கள் வேலி போடவில்லை. அது குலத்தாரும் ஆக்லாந்து நகர மக்களும் பொதுவாகப் பயன்படுத்தும் இடம் என்று சட்டத்திலேயே எழுதப்பட்டது. உரிமை குலத்துக்கு, விற்க முடியாது, பயன் எல்லோருக்கும். வக்ஃபு என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நம் வாசகர்களுக்கு இந்த ஏற்பாட்டை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. நிர்வாகத்திற்கு ஒரு குழு உண்டு. குலத்தின் சார்பில் மூவர், மாநகராட்சியின் சார்பில் மூவர். தலைமை குலத்தாருடையது. கழிவை அனுப்பிய நகரமும் அதைப் பெற்ற குலமும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, எங்கே மரம் நடுவது, எங்கே பாதை போடுவது என்று பேசுகின்றன. குன்றில் அம்மண்ணுக்குரிய செடிகளும் மரங்களும் ஆயிரக்கணக்கில் நடப்பட்டுள்ளன. அருகில் குலத்தார்க்கு 30 புதிய வீடுகளும் 2016-இல் கட்டப்பட்டன. நகர மையத்துக்கு அருகே பழைய இரயில்வே நிலத்தை 1996-இல் விலைக்கு வாங்கினர். பெரிய கலையரங்கம் ஒன்று இன்று அவர்கள் மண்ணில்தான் நிற்கிறது.

இதைப் பார்த்து, நகரமும் பூர்வகுடிகளும் சமாதானமாகிவிட்டனர் என்று எண்ணிவிடாதீர்கள். 2010-இல் எட்டு மன்றங்களை ஒன்றாக்கி ஆக்லாந்து பெருமன்றம் அமைத்தபோது, மாவோரிகளுக்கு மூன்று இடங்கள் ஒதுக்க வேண்டும் என்று விசாரணை ஆணையம் 2009-இல் பரிந்துரைத்திருந்தது. அரசு ஏற்கவில்லை. பதிலாக ஒன்பது பேர் கொண்ட தனி வாரியம் ஒன்று அமைந்தது. அதில் ஏழு பேர் இம்மண்ணின் குலங்களைச் சேர்ந்தவர்கள். இருவர், பிற ஊர்களிலிருந்து பிழைப்புக்காக நகரம் வந்த மாவோரிகளின் சார்பில். மாவோரி உறுப்பினர் தொகுதி வேண்டுமா என்று 2023-இல் மன்றத்தில் மீண்டும் வாக்கெடுத்தபோதும் வேண்டாம் என்பதே முடிவாயிற்று.

எரிமலைகளின் கதை வேறு. 2014-இல் 14 எரிமலைக் குன்றுகள் 13 குலங்களின் பொது உரிமைக்குத் திரும்பின. ஆறு குலப் பிரதிநிதிகளும் ஆறு மாநகராட்சிப் பிரதிநிதிகளும் கொண்ட ஆணையம் அவற்றைப் பராமரிக்கிறது. ஈடன் குன்றின் உச்சிக்குக் கார்கள் ஏறுவதை அது நிறுத்திற்று. அதன் பள்ளத்தைப் புனிதமாகக் கருதுகின்றனர். நடந்து ஏறுங்கள், உடம்புக்கும் நல்லதுதான்! ஆனால் ஓவைராக்கா குன்றில் 345 அயல்நாட்டு மரங்களை வெட்டி, அம்மண்ணின் மரங்களை நட 2019-இல் முடிவு செய்தபோது, அக்கம் பக்கத்தார் குன்றில் கூடாரம் அடித்து அமர்ந்தனர். முறையாக மக்களைக் கலந்து ஆலோசிக்கவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் ஆணையத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. என் கருத்தைக் கேட்டால், அத்தீர்ப்பு நியாயமானதே. ஆலோசிக்காமல் முடிவெடுப்பது யார் செய்தாலும் ஒன்றுதான்.

மறுபடியும் கீழே இறங்கிக் கடற்கரைக்கு வாருங்கள். குழாயைப் பற்றி ஒரு செய்தி மிச்சமிருக்கிறது.

2023 செப்டம்பர் இறுதியில், நகரின் பார்னல் பகுதியில் திடீரென நிலம் உள்வாங்கிப் பெரும் பள்ளம் விழுந்தது. அதன் அடியில் சென்றது 1914-இல் அமைத்த அதே ஓராக்கே முதன்மைக் குழாய்! குழாய் அடைபட்டதால் கழிவுநீர் வைத்தெமத்தா துறைமுகத்தில் பெருகிக் கலந்தது. கடற்கரைகளில் இறங்க வேண்டாமென்று நகர நிர்வாகம் எச்சரித்தது. மாவோரி மரபில், மாசுபட்ட நீரையும் நிலத்தையும் சிலகாலம் யாரும் தொடாதிருக்க விதிக்கப்படும் தடைக்கு 'ராஹுய்' என்று பெயர். ஙாத்தி ஃபாத்துவா ஓராக்கே குலத்தார் துறைமுகத்தின் மீது அத்தடையை அறிவித்தனர்: குளிக்காதீர்கள், மீன் பிடிக்காதீர்கள், சிப்பி எடுக்காதீர்கள். 1914-இல் அவர்களைக் கேட்க ஒருவருமில்லை. இம்முறை அந்த அறிவிப்பு நாட்டின் செய்திகளில் வந்தது. குழாய் நகரத்தினுடையது, தடை குலத்தினுடையது. கடலில் இறங்காமல் கரையில் நின்றவர்கள் இருதரப்பிலும் இருந்தனர்.

மாலையாகிவிட்டது. நகரத்திற்குத் திரும்பும் பேருந்து சாலையின் எதிர்ப்புறம் நிற்கும். ஏறுவதற்கு முன், சாலையிலிருந்து கீழே அந்தச் சிறு தேவாலயத்தையும் அதை ஒட்டிய மையவாடியையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். உள்ளே போக வேண்டா. அது குலத்தாரின் தனியிடம். வேலியருகே நின்று பார்த்தாலே போதும்.